கொக்-தல் மின்நிலையத்தின் நாற்பதாம் நாள்

பிஷ்கெக், பிப்ரவரி 3

மதிப்பிற்குரிய புருல்சா எஜே,

எஜே, அக்கா என்று அழைக்க எனக்கு உரிமை உண்டா, தெரியவில்லை. ஆனால் என்னைவிடப் பதின்மூன்று வயது மூத்தவரை வேறெப்படி அழைப்பது? என் போன் எண்ணைத் தடுத்துவைத்திருக்கிறீர்கள். அதனால்தான் அட்-பாஷி மினிபஸ் ஓட்டும் தலன்திடம் இந்தக் கடிதத்தைக் கொடுத்தனுப்புகிறேன். நான் வேலை செய்யும் கடன் நிதியத்தின் பெயர் அச்சடித்த தாளை வேண்டுமென்றே எடுக்கவில்லை.

உங்கள் கணவர், நான் அண்ணனாக நினைத்துப் பைக்கே என்று அழைத்த எர்நசரின் அடக்கத்துக்கு நான் வரவில்லை. கணவாயில் பனி மூடிவிட்டது என்று அலுவலகத்தில் சொன்னேன். அன்று கணவாய் திறந்துதான் இருந்தது. எனக்குத்தான் வரத் துணிவில்லை.

ஒன்று கேட்கத்தான் எழுதுகிறேன். எங்கள் கடனில் பைக்கே கட்டிய மின்நிலையத்தில் நாங்கள் பொருத்திய சிறிய பெட்டி, எவ்வளவு மின்சாரம் உற்பத்தியாகிறது என்று கால் மணிக்கு ஒருமுறை இங்கே சொல்லும். என் திரையில் அது ஒரு பச்சைக் கோடாக ஓடும். குளிர்காலத்தில் தினமும் விடிகாலை ஆறு மணிக்கு அந்தக் கோடு இறங்கும். ஆற்றுத் தண்ணீர் வாய்க்காலில் நுழையும் முகப்பில் இருக்கும் கம்பித் தடுப்பைக் கூழாய் உறையும் பனி அடைத்துக்கொள்வதால். பைக்கே போய்க் கடப்பாரையால் உடைத்து வாரிப்போட்டதும் முக்கால் மணி நேரத்தில் மறுபடி ஏறும். இந்தக் குளிர்காலம் முழுக்கப் பார்த்துப் பார்த்து அவருடைய கை எனக்குப் பழகிவிட்டது. முதலில் இடது ஓரம், பிறகு நடு, கடைசியில் வலது ஓரம். கோடும் அதேபோல மூன்று படியாக ஏறும்.

அவர் இறந்த ஜனவரி 19-க்குப் பிறகும் ஏறிக்கொண்டிருக்கிறது, எஜே. தினமும். அதே ஆறு மணி, அதே மூன்று படி. எங்கள் அலுவலகத்தில் வேறு யாரும் இதைக் கவனிக்கவில்லை. கோடு அறுபடவில்லை என்பது மட்டும் அவர்களுக்குப் போதும்.

யார் போகிறார்கள்? தயவுசெய்து ஒரு வரி எழுதுங்கள். நான் சரியாகத் தூங்கி நாளாகிறது.

சால்தனத்


கொக்-தல், பிப்ரவரி 7

சால்தனத் அவர்களுக்கு,

ஒரு வரி கேட்டீர்கள். ஒரு வரியில் முடிகிற விஷயமா இது?

மின்நிலையத்தின் சாவி என் சீர்ப்பெட்டியில் இருக்கிறது. அடக்கம் முடிந்து வந்ததும் நானே பூட்டினேன். அன்றிலிருந்து யாரும் என்னிடம் சாவி கேட்கவில்லை. முகப்புக்குச் சாவி தேவையில்லை, யாரும் போகலாம். ஆனால் எங்கள் ஊரில் யாரும் அந்தப் பக்கம் போவதில்லை. ஆட்டை ஓட்டிக்கொண்டு போகிறவர்கள்கூடச் சுற்றிப் போகிறார்கள்.

பால் எடுத்துப்போகும் ஷார்கான் போன வாரம் வந்து என் காதில் சொன்னாள்: "புருல்சா, நான் பாத்தேன். உன் வீட்டுக்காரர் அவரோட கோட்டைப் போட்டுக்கிட்டு வாய்க்கால் மேல குனிஞ்சு நின்னார். அந்தப் பழுப்பு ஆட்டுத்தோல் கோட்டு. கூப்பிட்டேன், திரும்பல." எனக்குத் திட்ட வேண்டும்போல இருந்தது. ஆனால் வாயில் வந்தது வேறு. "மெலிஞ்சிருக்காரா?" என்று கேட்டேன்.

உங்களுக்குத் தெரிந்துகொள்ள ஆசை இருந்தால் அந்த நாளைச் சொல்கிறேன். ஆறு மணிக்கு விளக்கு மங்கியது. அவர் போர்வைக்குள் இருந்தார். அன்று அவர் முறை இல்லை, அவருடைய கூட்டாளி தோரன்பெக்கின் முறை. "அவன் போயிருப்பான்" என்றார். பிறகு போன் மின்னியது. எடுத்துப் பார்த்தார். எழுந்து கோட்டை மாட்டினார். "தேநீர் போடு, வந்துடறேன்." நான் போட்டேன். கொஞ்ச நேரத்தில் வீடு வெளிச்சமானது. வேலை முடித்துவிட்டார் என்று அவர் கிண்ணத்தில் ஊற்றி வைத்தேன். ஊற்றிக்கொண்டிருக்கும்போதே வெளிச்சம் மறுபடி கொஞ்சம் குறைந்தது. அதிகம் இல்லை. கண்ணை இடுக்கிப் பார்த்தால்தான் தெரியும்.

முகப்பின் குறுக்கே போட்ட பலகையில் பனி பிடித்திருந்தது. வழுக்கி விழுந்திருக்கிறார். நீரோட்டம் அவரைப் பனித்தட்டுக்கு அடியில் இழுத்துக்கொண்டுபோய்த் தடுப்பில் சாய்த்துவிட்டது. அந்த வெளிச்சக் குறைச்சல் என் கணவர்.

உங்கள் நிதியம் அனுப்பிய இரங்கல் தாளை அடுப்பில் போட்டேன். இப்போது இந்த ஊர் முழுக்க எரிகிற ஒவ்வொரு விளக்கும் அவர் மூழ்கிய தண்ணீரிலிருந்துதான் வருகிறது. நிறுத்தச் சொன்னால் மாட்டேன் என்கிறார்கள். ஆடுகள் குட்டி போடும் பருவம், குட்டிகளைச் சூட்டு விளக்கின் அடியில்தான் காப்பாற்ற வேண்டும். நான் மட்டும் என் வீட்டுக் கம்பியைக் கழற்றிவிட்டு மண்ணெண்ணெய் விளக்கில் உட்கார்ந்திருக்கிறேன்.

யார் போகிறார்கள் என்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள விருப்பமும் இல்லை. இனி எழுத வேண்டாம்.

புருல்சா


பிஷ்கெக், பிப்ரவரி 10

புருல்சா எஜே,

எழுத வேண்டாம் என்றீர்கள். இதை மட்டும் எழுதாவிட்டால் நான் மனுஷியே இல்லை.

அந்தச் செய்தியை அனுப்பியது நான்.

அன்று சீக்கிரமே எழுந்துவிட்டேன். படுக்கையிலிருந்தபடியே போனில் கோட்டைப் பார்த்தேன். வழக்கத்தைவிட ஆழமாக இறங்கிக்கொண்டிருந்தது. "பைக்கே, கோடு விழுகிறது. இன்னும் நாற்பது நாள்தான் பாக்கி. பூஜ்யமாகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்." இதுதான் செய்தி. கடைசியில் ஒரு சிரிக்கும் முகம் வேறு போட்டேன். போன் தண்ணீரோடு போய்விட்டது, அதனால் உங்களுக்குத் தெரியாது. நான் சொல்லாவிட்டால் யாருக்குமே தெரிந்திருக்காது. அந்த எண்ணம் எனக்கு மூன்று வாரம் வசதியாக இருந்தது. அதையும் சொல்லிவிடுகிறேன்.

அந்த நிபந்தனையும் என்னுடையதுதான். மின்நிலையம் பன்னிரண்டு மாதம் ஒரு நாளும் நிற்காமல் ஓடினால்தான் நிதியம் தரும் கடனில் இரண்டாம் தவணை; ஒரு நாள் நின்றாலும் கணக்கு முதலிலிருந்து. நிதியத்துக்குப் பணம் தரும் வெளிநாட்டுக்காரர்கள் கேட்டது 'நம்பகமான உற்பத்திச் சான்று' மட்டும்தான். 'ஒரு நாள்கூட நிற்கக்கூடாது' என்பதைச் சேர்த்தவள் நான். பத்கெனில் வெயிலில் ஆப்ரிகாட் பழம் உலர்த்தும் பெண்களுக்கும், தலாஸில் சாண எரிவாயுக் கலம் கட்டுகிறவருக்கும் எழுதிய அதே தாளில் பெயரை மட்டும் மாற்றினேன். உங்கள் பக்கம் ஜனவரியில் என்ன குளிர் என்று ஒருமுறைகூட நினைக்கவில்லை. கண்டிப்பானவள் என்று பெயர் எடுக்க வேண்டியிருந்தது.

பைக்கே கேட்டார். கடுங்குளிரில் இரண்டு மாதம் மின்நிலையத்தை அடைத்துவைக்கட்டுமா என்று நவம்பரில் கேட்டார். முதல்முறை எங்கள் அலுவலகம் வந்தபோது எல்லோரையும் சிரிக்கவைத்தவர் அவர். "பேங்க்ல வீடு இருக்கா, கடை இருக்கான்னு கேக்கறாங்க. எங்கிட்ட ஆறுதான் இருக்கு. ஆத்தை அடமானம் வாங்கிக்குவீங்களான்னு கேட்டேன், வெளிய போன்னுட்டாங்க." அப்படிச் சிரித்த மனிதர் நவம்பரில் போனில் கெஞ்சினார். நான் சொன்னேன்: "பைக்கே, உங்களுக்கு விட்டுக்குடுத்தா எல்லாருக்கும் விட்டுக்குடுக்கணும்."

நீங்கள் சொன்ன வெளிச்சக் குறைச்சலை நானும் பார்த்தேன், எஜே. கோடு ஏறியது, நிம்மதியாக இருந்தது. பிறகு ஒன்பது கிலோவாட் இறங்கி ஒன்றேகால் மணி நேரம் அப்படியே நின்றது. 'இன்னொரு பனிக்கட்டி சிக்கிக்கொண்டது போல' என்று எரிச்சல்பட்டுக்கொண்டு பல் தேய்க்கப் போனேன்.



சால்தனத்


கொக்-தல், பிப்ரவரி 20

சால்தனத்,

உன் கடிதத்தை ஆட்டுக்கொட்டிலில் வைத்துப் படித்தேன். மூன்று முறை. பிறகு சாணம் அள்ளினேன். வேறு என்ன செய்வது?

ஒன்பது நாள் உனக்கு என்ன எழுதுவது என்று தெரியாமல் இருந்தேன். நேரில் இருந்திருந்தால் அடித்திருப்பேன். இனி உன்னை 'நீங்கள்' என்று எழுத என் கை வரவில்லை. மரியாதை குறைந்ததால் அல்ல. அந்நியர்களை வெறுப்பது சுலபம், உன்னை அப்படி வெறுக்க முடியவில்லை.

பத்தாம் நாள் விடிகாலை முகப்புக்குப் போனேன். அவராக இருந்தால் ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்று இருந்தது. அந்தச் செய்தியை ஏன் என்னிடம் காட்டவில்லை என்று.

பழுப்புக் கோட்டு நின்றது. கடப்பாரையை இடது ஓரத்தில் இறக்கிக்கொண்டிருந்தது. "எர்நசர்" என்று கூப்பிட்டேன். திரும்பவில்லை. இன்னொரு முறை கூப்பிட்டேன். அந்த உருவம் அப்படியே பலகையில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டது.

தோரன்பெக்.

அடக்கத்தன்று அவருடைய துணிகளைப் பங்கிட்டபோது அந்தக் கோட்டை நானேதான் அவனுக்குக் கொடுத்தேன். துக்கத்தில் யாருக்கு எது கொடுத்தேன் என்பதே மறந்துபோய்விட்டது.

"அன்னிக்கு என் முறை, எஜே" என்றான். "முந்தின நாள் கல்யாண வீட்ல குடிச்சிட்டு செத்தவன் மாதிரி தூங்கிட்டேன். எழுந்தப்போ வெளிச்சம் இருந்துச்சு. அப்பாடா, அவர் பாத்துக்கிட்டார்னு திரும்பிப் படுத்தேன்."

"எத்தனை நாளா வர்ற?"

"அடக்கம் முடிஞ்ச நாலாம் நாள்லேர்ந்து. அவர் செய்யற மாதிரியே செய்யறேன். எடது, நடு, வலது. வேற மாதிரி செய்ய மனசு வரல."

"ஊரே பேய்னு சொல்லுது. ஏன்டா சொல்லல?"

"பேய்னே இருக்கட்டும்னு விட்டேன். நான்னு தெரிஞ்சா ஏன் வரேன்னு கேப்பீங்க இல்ல?"

நான் அவனையும் அடிக்கவில்லை. அந்தப் பலகையில் பக்கத்தில் உட்கார்ந்தேன். தண்ணீர் எங்கள் காலுக்கடியில் ஓடிக்கொண்டிருந்தது. உன் செய்தியைப் பற்றி அவனிடம் சொன்னேன். அவன் முகத்தில் ஒரு நொடி நிம்மதி வந்தது. குற்றம் தன்னுடையது மட்டும் இல்லை என்று. உடனே அதற்காக வெட்கப்பட்டான். நீயும் இதைப் படித்ததும் அப்படித்தான் நிம்மதிப்படுவாய், வெட்கப்படுவாய். இருவரும் பங்கிட்டுக்கொள்ளுங்கள். என் பங்கும் இருக்கிறது: தேநீர் ஆறிய பிறகும் அரைமணி நேரம் அவரைத் தேடிப் போகாமல் ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தேன்.

ஒன்று கேட்கிறேன், உன் பெட்டியில் பார்த்துச் சொல். தோரன்பெக் நாலாம் நாளிலிருந்துதான் வந்தானாம். அதற்கு முன் மூன்று நாள் ஊரே என் வீட்டில்தான் இருந்தது. அந்த மூன்று நாள் கோடு என்ன செய்தது?

புருல்சா


பிஷ்கெக், பிப்ரவரி 23

எஜே,

நீங்கள் 'நீ' என்று எழுதியதைப் பார்த்து மேசையில் தலை வைத்து அழுதேன்.

பார்த்தேன். 20, 21, 22. மூன்று நாளும் ஆறு மணிக்கு இறங்கி மூன்று படியாக ஏறியிருக்கிறது. எங்கள் பொறியாளரிடம் காட்டினேன். குளிர் குறைந்திருந்தால் அந்தப் பனி தானே கழன்று போகும் என்றார். அட்-பாஷி வானிலைப் பதிவை எடுத்துப் பார்த்தேன். அந்த மூன்று நாளும் மைனஸ் இருபத்தெட்டு டிகிரிக்குக் கீழே. அவரிடம் மறுபடி கேட்டேன். தோளைக் குலுக்கினார். உள்ளதைச் சொல்லிவிட்டேன்.

இதைவிட அவசரமான ஒன்று. பிப்ரவரி 28-ம் தேதியோடு பன்னிரண்டு மாதம் முடிகிறது. இரண்டாம் தவணைக்கு உத்தரவு தயார். மெலிஸ், எங்கள் இயக்குநர், நேற்றுக் கூட்டத்தில் உற்சாகமாக இருந்தார்.

"நாட்டிலேயே ஒரு நாள்கூட நிக்காத சின்ன மின்நிலையம்! அந்தம்மாவை வெச்சு ஒரு படம் எடுக்கணும். வெளிநாட்லேர்ந்து மார்ச்ல வராங்க."

நான் எழுந்தேன். நிபந்தனை தவறு, அதை எழுதியது நான், அதனால் ஒருவர் இறந்திருக்கிறார், மற்ற மூன்று மலை மின்நிலையங்களுக்கும் அதை உடனே நீக்க வேண்டும் என்றேன்.

"உட்காரும்மா. விபத்துன்னு போலீஸே எழுதிட்டாங்க. நிபந்தனை வேலை செஞ்சிருக்கே, பாரு, கோடு அறுபடல. ஜெயிச்சதை யாராவது மாத்துவாங்களா?"

அவர் கெட்டவர் இல்லை. பணம் வந்தால் உங்களுக்கு நல்லது என்று உண்மையாகவே நம்புகிறார். எனக்கும் அது தெரியும். அந்தப் பணத்தில்தான் இரண்டாம் இயந்திரம், பால் குளிரூட்டும் நிலையத்துக்குக் கம்பி, ஒன்பது குடும்பத்துக்கு வேலை. பைக்கே ஒப்பந்தம் போட்டுவிட்டுப் போயிருக்கிறார். நிபந்தனை தவறினால் முதல் கடனையும் உடனே கட்டச் சொல்ல நிதியத்துக்கு உரிமை உண்டு. வீடும் நாற்பது ஆடும் ஈடாக இருக்கின்றன. அதனால் 'வாங்காதீர்கள்' என்று சொல்ல நான் யார்? 28 வரை தோரன்பெக்கைப் பலகையில் இடுப்புக் கயிறு கட்டிக்கொண்டு நிற்கச் சொல்லுங்கள். அவ்வளவுதான் கேட்கிறேன்.

சால்தனத்


கொக்-தல், மார்ச் 1

சால்தனத்,

இதற்குள் உன் திரையில் பார்த்திருப்பாய். கோளாறு இல்லை. நான்தான் நிறுத்தினேன்.

27-ம் தேதி அவருடைய நாற்பதாம் நாள். முந்தின நாளே வீடு வீடாகப் போய்ச் சொன்னேன்: "நாளைக்கு விடிஞ்சதுலேர்ந்து மறுநாள் விடியற வரைக்கும் கரண்ட் இருக்காது. குட்டிங்களை வீட்டுக்குள்ள எடுத்துக்குங்க." யாரும் நம்பவில்லை. ஷார்கான் மட்டும் சண்டைக்கு வந்தாள்.

"பைத்தியமா உனக்கு? இன்னும் ரெண்டே ரெண்டு நாள்! ரெண்டு நாள் பொறுத்தா பணம் வருது. செத்தவர் இதுக்காகத்தானே பாடுபட்டார்?"

"அவர் செத்ததையும் சேர்த்துக் கணக்கு முடிக்கப் பாக்கறாங்க, ஷார்கான். 'ஒரு நாளும் நிக்கல'ன்னு எழுதப் போறாங்க. என் புருஷன் செத்த நாளும் அதுல ஒரு நாளு. அன்னிக்குக்கூட நிக்கலன்னு எழுதுவாங்க. அதுல நான் கையெழுத்துப் போடமாட்டேன்."

தோரன்பெக் மதகுச் சக்கரத்தைத் தொட மறுத்துவிட்டான். "என்னால முடியாது எஜே, என்ன வேணா சொல்லுங்க." நானே சுற்றினேன். உறைந்துபோயிருந்தது, வெந்நீர் ஊற்றி ஊற்றிச் சுற்றினேன். வாய்க்கால் சத்தம் குறைந்து குறைந்து, கடைசியில் நின்றே போனது. வற்றிய வாய்க்காலில் அவருடைய ஒரு கையுறை கம்பியில் மாட்டிக்கொண்டிருந்தது. ஜனவரியிலிருந்து அங்கேயே இருந்திருக்கிறது. எடுத்துக்கொண்டேன்.

அன்று இருட்டில் உட்கார்ந்து குர்ஆன் ஓதினார்கள். ஆட்டுக்கறி விருந்தை மெழுகுவத்தி வெளிச்சத்தில் தின்றார்கள். யாரும் குறை சொல்லவில்லை. ஆனால் மறுநாள் காலை ஷார்கான் விறைத்துப்போன இரண்டு குட்டிகளை என் வாசலில் போட்டுவிட்டுப் போனாள். நான் என் கொட்டிலிலிருந்து இரண்டு பெட்டை ஆடுகளை ஓட்டிக்கொண்டுபோய் அவள் முற்றத்தில் கட்டிவிட்டு வந்தேன். அவளும் வேண்டாம் என்று சொல்லவில்லை, வா என்றும் சொல்லவில்லை.

28 விடிகாலை மதகைத் திறந்தேன்.

இப்போது உங்கள் கணக்கு முதல் நாள். கடனைத் திருப்பிக் கேட்டால் கேட்கட்டும். ஆடுகளை எண்ணி வைத்திருக்கிறேன்.

புருல்சா


பிஷ்கெக், மே 16

எஜே,

இரண்டரை மாதம் எழுதாததற்கு மன்னியுங்கள். முடிவு தெரியாமல் எழுத மனம் வரவில்லை.

அந்த ஒரு நாள் பூஜ்யத்தை மூடி மறைக்க வழியில்லாமல் போனது. மார்ச்சில் வந்த வெளிநாட்டுக்காரர்கள் திரையைப் பார்த்ததும் ஏன் என்று கேட்டார்கள். "பழுது" என்றார் மெலிஸ். நான் உங்கள் கடைசிக் கடிதத்தை எடுத்து மொழிபெயர்த்து வாசித்தேன். உங்களைக் கேட்காமல் வாசித்தது தவறுதான். கையுறை வந்த இடத்தில் தாளைக் கீழே வைத்துவிட்டேன். மீதியை மெலிஸே வாங்கி வாசித்தார். வாசித்து முடித்ததும் வெளியே போய் நெடுநேரம் நின்றிருந்தார்.

நிபந்தனையை மாற்றிவிட்டார்கள். மலை மின்நிலையங்களுக்கு டிசம்பர் நடுவிலிருந்து பிப்ரவரி முடியும் வரை கணக்கில் வராது, அடைத்துவைக்கலாம். அந்த மாதங்களுக்குக் கடனும் திருப்பிக் கட்ட வேண்டாம். உங்களுக்கு இரண்டாம் தவணை ஜூன் 10-க்குள் வரும். முகப்பில் பலகைக்குப் பதிலாகக் கைப்பிடி வைத்த இரும்புப் பாலம் கட்ட ஒரு தொகை, அது கடன் இல்லை.

என்னைக் கடன் பிரிவிலிருந்து மாற்றிவிட்டார்கள். செய்தி அனுப்பியதை நானே எழுத்தில் கொடுத்தேன். இப்போது கீழ்த்தளத்தில் பழைய கோப்புகளோடு இருக்கிறேன். பச்சைக் கோட்டைப் பார்க்க எனக்கு இனி அனுமதி இல்லை. ஆனாலும் ஆறு மணிக்கு விழிப்பு வந்துவிடுகிறது. படுக்கையில் கிடந்து, ஒன்பது கிலோவாட், ஒன்பது கிலோவாட் என்று என்னை அறியாமல் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

ஆண்டு நினைவு விருந்து எப்போது என்று தலன்திடம் விசாரித்தேன். வரலாமா என்று கேட்க எனக்கு வாய் இல்லை. கேட்காமல் இருக்கவும் முடியவில்லை.

சால்தனத்


கொக்-தல், செப்டம்பர் 29

சால்தனத்,

கோடையெல்லாம் எழுத நேரமில்லை. இரண்டாம் இயந்திரம் ஜூலையில் வந்து இறங்கியது. தோரன்பெக் இருபது நாள் அதன் பக்கத்திலேயே படுத்துக்கிடந்தான். குடியை விட்டுவிட்டான் என்கிறார்கள், நான் கேட்கவில்லை. மின்நிலைய நிறுவனத்தில் எர்நசரின் பங்கு என் பெயருக்கு வந்துவிட்டது. பால் நிலையத்தில் ஆறு பேர் வேலை செய்கிறார்கள். ஒன்பது என்றுதான் அவர் போட்டிருந்தார், ஆறுக்கு மேல் கட்டுப்படியாகவில்லை. ஷார்கான் அங்கேதான் பால் அளக்கிறாள். என்னோடு இன்னும் சரியாகப் பேசுவதில்லை.

டிசம்பர் 15-ம் தேதி அடைக்கப்போகிறோம் என்று ஊரில் சொல்லிவிட்டேன். "பழையபடி நிலக்கரியா?" என்று கத்தினார்கள். கத்தட்டும். ஒன்பதரை மாதம் வெளிச்சம், இரண்டரை மாதம் புகை. அந்த இரண்டரை மாதத்தில் யாரும் தண்ணீர் மேல் நிற்க வேண்டாம். குட்டி போடும் பருவத்துக்கு ஷார்கானுக்கு மட்டும் நான்கு மூட்டை நிலக்கரி என் செலவில் போகும்.

என் வீட்டுக் கம்பியை இன்னும் மாட்டவில்லை. தோரன்பெக் வாரம் ஒருமுறை கேட்கிறான். அடுத்த வாரம் என்கிறேன்.

நினைவு விருந்து அக்டோபர் 18. ஜனவரியில் கூடாரம் நிறுத்த முடியாது, பனி. விருந்துக்கு அறுக்கக் குதிரை வாங்கியாயிற்று.

நீ வா.

மன்னித்துவிட்டேன் என்று எண்ணிக்கொண்டு வராதே. சில நாள் மன்னித்ததுபோல இருக்கிறது, மறுநாள் விடிகாலை அது இருப்பதில்லை. அதற்காகக் கூப்பிடவில்லை. விருந்தாளிகளோடு உனக்கு இடம் போடச் சொல்லவும் இல்லை. எங்களுக்குப் பெண் பிறக்கவில்லை, சால்தனத். அவருடைய அம்மாவும் போய்ச் சேர்ந்துவிட்டார். வழக்கப்படி வீட்டுப் பெண்களாகக் கூடாரத்துக்குள் சுவரைப் பார்த்து உட்கார்ந்து அவர் பெயர் சொல்லி அழ, நானும் அவர் தங்கையும் மட்டும்தான். வருகிறவர்கள் வாசலில் நிற்கும்போது உள்ளிருந்து இரண்டே குரல் கேட்டால் அவருக்குக் குறைவு.

எங்கள் இருவருக்கும் நடுவில் நீ உட்கார வேண்டும். ஒப்பாரி பாடத் தெரியாது என்று சொல்லாதே. அந்த விடிகாலை என்ன பார்த்தாய் என்று எனக்கு எழுதினாயே, அதையே பாடு. கறுப்புத் துணி வாங்க வேண்டாம், என்னிடம் இன்னொன்று இருக்கிறது.

புருல்சா எஜே